தடுப்பணைக்கு அந்தப் பக்கம்

மெத்தையைக் கட்டியிருந்த கயிறு வண்டியிலிருந்து இறக்கும்போதே அறுந்துபோனது. மெத்தை சரிவில் உருண்டு ஓடி, ஆற்றங்கரை மரத்தில் முட்டி நின்றது.

"உங்களுக்கு முன்னாடி அது வேலைக்குப் போகுதும்மா" என்றான் வண்டிக்காரன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். புது வேலை, புது வீடு, இளவெயில். எதற்கும் சிரிக்கத் தோன்றிய நாள் அது.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பழைய நிலையம் அது. ஆற்றோரமாகப் பெரிய மோட்டார் அறை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒற்றை அறை வீடு. சுவர்களில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. முன்பு இருந்தவரின் சாமான் ஒன்றும் மிச்சமில்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு கறுப்பு ரப்பர் கையுறையைத் தவிர. வலது கைக்கானது. இடது கைக்கானதைத் தேடினாள். கிடைக்கவில்லை.

வாசலுக்கு வந்து ஆற்றைப் பார்த்தாள். மனம் நிறைந்துவிட்டது.

மேல்பக்கம் மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் குனிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. பாறை மேல் ஆமைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வெயில் காய்ந்தன. நீல மீன்கொத்தி ஒன்று அம்புபோல் பாய்ந்து, வெறும் வாயோடு திரும்பி, ஒன்றும் நடக்காதது போலக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. அவள் படியில் இறங்கிக் காலை நனைத்தாள். குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏறியது. "இதையெல்லாம் ஒருத்தன் உட்கார்ந்து செஞ்சிருக்கானே" என்று படைத்தவனை நினைத்துக் கைகூப்பினாள்.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியதற்கு ஒரே காரணம், கீழே அடுத்த வளைவில் அவளுடைய தங்கை வீடு இருந்ததுதான். தங்கைக்கு ஒரு பெண் குழந்தை. பொழுதெல்லாம் தண்ணீரில் கிடப்பதால் அதற்குக் குட்டித் தவளை என்று பெயர். கணவனும் பிள்ளையும் இல்லாத பெரியம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே செல்வம் அந்தத் தவளைதான்.

வேலையை விளக்கியவர் மோட்டார்காரர். இரைச்சலுக்குள்ளேயே வாழ்ந்து பழகியவர் என்பதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். ஊரில் அவரை ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

"இதோ பாரு தங்கச்சி! இதுதான் கம்பித் தடுப்பு!" என்று காதருகில் நின்று அலறினார். "ஆத்துல வர்ற கண்ட கழிசடையும் இதுல வந்து ஒட்டிக்கும்! ஒட்டினா மோட்டார் மூச்சுத் திணறும்! காலையில ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் வாரி விட்டுடணும்!"

"கேக்குதுண்ணே, மெதுவா சொல்லுங்க."

"மெதுவாத்தான் சொல்றேன்!"

மோட்டார் உறிஞ்சும் வாயை மறித்து, கை நுழையும் இடைவெளி விட்டுச் செங்குத்தாக நின்றன கம்பிகள். அவற்றில் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. மேலே அத்தனை அழகாக இருந்த ஆறு இங்கே வாந்தி எடுத்து வைத்திருந்தது. உப்பிய குழந்தை டயப்பர்கள், கோழிக்குடல், வழுக்கைத் தலைபோல் பளபளத்த நெகிழிப் பைகள், கொத்துக் கொத்தாய் முடி. எல்லாவற்றின் மேலும் மூக்குச்சளிபோல் ஒரு வழவழப்பு. நீண்ட கைப்பிடியில் இரும்புப் பல் வைத்த வாரியை அவர் உள்ளே விட்டு இழுத்தார். குப்பை சளக்கென்று கரையோரச் சிமெண்ட் மேடையில் விழுந்தது. புளித்த பாலும் அழுகிய முட்டையும் சேர்ந்த நாற்றம் அடித்தது.

"இதை எங்கே புதைக்கணும்?"

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாமான் கொட்டகைக்குப் பின்னால் அதற்கென்று வெட்டிய குழி இருந்தது. அதில் ஆள் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. ஸ்பீக்கர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாரியால் குவியலை ஒரு தள்ளு தள்ளினார். மேடையை ஒட்டியிருந்த தடுப்பணையைத் தாண்டி அது கீழே விழுந்தது. நுரைத்த தண்ணீர் அதை வாரிக்கொண்டு போனது.

"அவ்வளவுதான்! அணையைத் தாண்டிட்டா நம்ம தண்ணி இல்ல!"

கீழேதான் தங்கை வீடு. அது அவளுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் மேல் ஊர்க்காரன் போட்டது, நம் கை பட்டாலும் படாவிட்டாலும் கீழே போகத்தானே போகிறது என்று மனம் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டது. ஒரே ஒரு தள்ளு. அதில் என்ன பாவம் வந்துவிடும்?

அன்று மாலை அவளே வாரினாள். வலது கைக்குக் கையுறை, இடது கை வெறுங்கை. கடைசியாக ஒரு சாக்கு மூட்டை வந்தது. வாயை மஞ்சள் நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தது. கிழிந்த மீன்வலை ஒன்று அதைச் சுற்றிப் பின்னியிருந்தது. கம்பியிலிருந்து விடுபட மறுத்தது. கத்தியால் கயிற்றின் ஒரு நுனியை அறுத்துத்தான் பிடுங்க முடிந்தது. வெறுங்கை அதில் பட்டபோது, மூட்டை மெல்ல உப்பி, மெல்லச் சுருங்கியது.

மூச்சு விடுவது போல.

உள்ளே காற்று சேர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு தள்ளினாள். அது அணைக்கு அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது. கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தப் பிசுக்கு போகவில்லை. சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனால் குமட்டியது.

காலையில் மூட்டை கம்பியில் இருந்தது.

அறுபட்ட மஞ்சள் நுனி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியின் வெட்டு. அதே வலை. நேற்றைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது.

"ஒரே மாதிரி மூட்டை ஆயிரம் வரும்! ஆறு என்ன, சுத்தி வர்ற பஸ்ஸா?" என்று ஸ்பீக்கர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சிவப்புச் சட்டையில் ஒரு பட்டை கிழித்து வலையில் இறுக்கி முடிந்தாள். பிறகு தள்ளினாள். அது கீழே போவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வளைவு திரும்பி, தங்கை வீட்டுப் பக்கமாகச் சிவப்பு மறைந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போய் நின்றாள்.

சிவப்புப் பட்டை கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூட்டை இப்போது அவள் இடுப்பளவு இருந்தது. கண்டதையெல்லாம் தன்மேல் போர்த்திக்கொண்டு வந்திருந்தது. கோழி இறகுகள் தோல்போல் படிந்திருந்தன. மடிப்புகளில் வெள்ளைப் புழுக்கள் கொதிக்கிற சோறுபோல் நெளிந்தன. பக்கவாட்டில் ஒரு கறுப்பு ரப்பர் கையுறை, விரல்களுக்குள் தண்ணீர் நிறைந்து புடைத்து, கம்பியைப் பற்றியிருந்தது.

இடது கைக்கான கையுறை.

அதன் பிடிக்குள் எதுவோ பச்சையாகத் தெரிந்தது. வாரியின் பல்லால் விரல்களை நிமிண்டினாள். ஒரு சின்னச் செருப்பு தண்ணீரில் மிதந்து வந்தது. பச்சை ரப்பர். மேலே தவளைக் கண் இரண்டு. குழந்தைக்கு அவளே வாங்கிக் கொடுத்த செருப்பு.

உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா இந்நேரத்துல? அவளா? இதோ குப்புறப் படுத்துத் தூங்குறா. செருப்பா? நேத்து ஆத்துல விட்டுட்டு வந்து ஒரே அழுகை. உனக்கு எப்படித் தெரியும்?"

குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். தூக்கக் குரல் கேட்டது.

"பெரியம்மா, நேத்து தண்ணிக்குள்ள ஒரு கை என் காலைத் தொட்டுச்சு. வழவழன்னு. உவ்வே."

"இன்னிக்குத் தண்ணியில இறங்காதடா கண்ணு. பெரியம்மா சொல்றேன்ல."

"போ பெரியம்மா, வெயில் அடிக்குது" என்று சொல்லிவிட்டுக் குழந்தை போனைத் தாயிடம் தள்ளியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையை மேடைக்கு இழுத்துப் போட்டாள். அதன் அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு வழிந்து அவள் கால்விரல்களுக்கிடையே ஓடியது. இதைத் தள்ள மாட்டேன் என்று முடிவு செய்தாள். மோட்டார் அறைக்குள் போய், நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். இரைச்சல் அடங்கியது.

"அண்ணே, எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் எங்க?"

ஸ்பீக்கர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தார். பிறகு பேசினார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தக் குழி அவர் வெட்டினது. வந்த புதுசுல எல்லாத்தையும் புதைச்சார். நான்தான் கேலி பண்ணினேன். ஆத்துக்குக் கல்யாணமா பண்ணப்போற, இப்படி அலங்காரம் பண்றியேன்னு. கொஞ்ச நாள்ல அவரும் தள்ள ஆரம்பிச்சுட்டார். வருஷக்கணக்கா தள்ளினார். ஒருநாள் வழுக்கி, குப்பையோட குப்பையா அணைக்கு அந்தப் பக்கம் விழுந்துட்டார்."

"அப்புறம்?"

"கீழ எல்லாரும் தேடினாங்க. வலை போட்டுத் தேடினாங்க. கிடைக்கல."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"மேல கிடைச்சார். நம்ம கம்பியில."

"கீழ விழுந்தவர் மேல எப்படிண்ணே வருவார்?"

"அதான் எனக்கும் தெரியல. படுத்துக் கிடக்கல தங்கச்சி. நின்னுட்டு இருந்தார். அவர் தள்ளின எல்லாத்தையும் மேல சுத்திக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஒரு கையுறையைத்தான் கழட்டினோம். இன்னொண்ணு..." அவர் எண்ணெய்த் துணியை முறுக்கினார். "வரலை. அப்படியே அடக்கம் பண்ணிட்டோம்."

வெளியே மேடையில் சொட்டுச் சொட்டென்று எதுவோ ஒழுகிக்கொண்டிருந்தது.

குழியைச் சீர்செய்ய மண்வெட்டி எடுக்க அவள் கொட்டகைக்குப் போனாள். புல்லை வெட்டிப் பாதிக் குழிகூட வெளியே தெரியவில்லை. மேடைப் பக்கம் ஒரு பெரிய சத்தம். சளார்.

ஓடி வந்தாள். மேடை காலியாக இருந்தது. ஸ்பீக்கர் கையில் நீளக் கழியோடு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"போய்த் தொலையட்டும்னு தள்ளிட்டேன்! அது என்னைப் பார்த்துத் திரும்புச்சு! சத்தியமா திரும்புச்சு!"

"பாவி மனுஷா, கீழ என் குழந்தை இருக்குய்யா!"

கரையோரப் பாதையில் அவள் ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. ஆறு கூடவே ஓடி வந்தது. சுழிப்பில் சிவப்புப் பட்டை ஒருமுறை தெரிந்தது, மறைந்தது. பிறகு அவளுக்கு முன்னால் தெரிந்தது. அவள் ஓட்டத்தைவிட அது வேகமாக இருந்தது. "கடவுளே, நான் தள்ளினதுக்கு என்னைக் கேளு, அவளைக் கேக்காதே" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

வளைவு திரும்பினாள். தங்கை வீட்டுப் படித்துறை தெரிந்தது. தண்ணீரில் யாரும் இல்லை.

குழந்தை மேல்படியில் உட்கார்ந்திருந்தது. இடுப்புவரை கறுத்த சேறு. கணுக்காலைச் சுற்றி மீன்வலையின் சிவந்த கோடு. அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியோரம் வாந்தி எடுத்திருந்தது.

அவள் நாற்றத்தைப் பார்க்காமல் வாரி அணைத்துக்கொண்டாள். குழந்தையின் தலைமுடியிலும் அதே நாற்றம். அணைத்தபடியே அவளுக்கும் குமட்டியது. விடவில்லை.

"என்னடா ஆச்சு?"

"கால்ல வலை மாட்டிக்கிச்சு பெரியம்மா. உள்ள இழுத்துச்சு. ஒரு மாமா பிச்சு விட்டார்."

"எந்த மாமா?"

"தண்ணிக்குள்ள இருந்த மாமா. ஒரு கையில கறுப்பு கிளவுஸ் போட்டிருந்தார். முகம் எல்லாம் முடியும் கவரும். பயங்கர நாத்தம்." குழந்தை மூக்கைச் சுருக்கியது. "என்னைத் தூக்கிப் படியில வச்சுட்டு, வீட்டுக்குப் போ, நான் இன்னும் வாரி முடிக்கலைன்னு சொன்னார்."

குழந்தையின் மேல்கையில் ஐந்து விரல்களின் தடம் கருமையாகப் பதிந்திருந்தது. அது பிடித்து இழுத்த தடமா, தாங்கிப் பிடித்த தடமா என்று பெற்ற பிள்ளையைத் தூக்கிப் பழகிய எந்தத் தாயும் பார்த்ததும் சொல்லிவிடுவாள். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த தங்கை அதைத்தான் பார்த்தாள். அலற வாய் திறந்தவள் அலறவில்லை. தன் துணியின் ஓரத்தை நனைத்து அந்தத் தடத்தை மெதுவாகத் துடைத்தாள்.

அவள் நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அது கம்பியில் நின்றுகொண்டிருந்தது.

ஆள் உயரம். தோள் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் முடிக்கொத்து. இடது கையுறை கம்பியைப் பற்றியிருந்தது. உப்பியது, சுருங்கியது. உப்பியது, சுருங்கியது. அந்த மூச்சின் நாற்றத்தில் மரத்திலிருந்த பறவைகள்கூட இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

ஸ்பீக்கர் மோட்டார் அறையின் வாசலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். "கிட்டப் போகாத தங்கச்சி" என்று முணுமுணுத்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படியே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் குழந்தையின் கையிலிருந்த தடம் நினைவுக்கு வந்தது. நன்றி கெட்டவளாக அவளுக்கு இருக்கத் தெரியாது. அவ்வளவுதான். பெரிய தைரியம் ஒன்றும் இல்லை.

வாரியை எடுக்கவில்லை. வாரியின் பல் குத்தும். படியில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கைகளாலும் அதை அணைத்தாள்.

சில்லென்று இருந்தது. முகத்தில் எதுவோ வழிந்து வாயோரம் வரை வந்தது. புழுக்கள் கழுத்தில் ஊர்ந்தன.

"வாங்கண்ணே" என்றாள். "போதும். வாங்க, கரையேறலாம்."

கையுறை கம்பியை விட்டது.

மேடையில் கிடத்தி மஞ்சள் கயிற்றை அறுத்தாள். எலும்பு இருக்குமோ என்று பயந்தாள். இல்லை. முழுக்கக் குப்பை. உள்ளே போகப் போக இன்னும் பழைய குப்பை. ஊசி மருந்துக் குப்பிகள், கறுத்த எண்ணெய்க் கட்டி, கூழாகிப்போன செத்த நாய்க்குட்டி. ஒவ்வொன்றாய் எடுத்துக் கூடையில் போட்டாள். நடுவே எதுவோ அசைந்தது. வலை இறுக்கிய ஒரு சின்ன ஆமை. கத்தியால் வலையை அறுத்தாள். அது அவளை நம்பாமல் பார்த்துவிட்டு, மேல்பக்கத் தண்ணீரில் சரிந்து மறைந்தது.

இன்னொரு கை கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ஸ்பீக்கர். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. இருவரும் குழிக்கு நடந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் புதைத்தார்கள். இடது கையுறையை அவள் கடைசியாக, தனியாக வைத்தாள். அதன் மேல் தன் கையாலேயே மண் போட்டாள். "இவர் செஞ்சதை மன்னிச்சுடு. செய்ய நினைச்சதைக் கணக்குல வச்சுக்கோ" என்று மேலே பார்த்துச் சொன்னாள். மண்ணை மிதிக்க மனம் வராமல் உள்ளங்கையால் தட்டிவிட்டாள்.

அன்று ஆறு வெறும் ஆறாகச் சலசலத்தது. அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வாரியை எடுக்கப் போனாள். அது சாத்தி வைத்த இடத்தில் இல்லை. மேடையில் கிடந்தது. நனைந்திருந்தது.

கம்பிகள் பளிச்சென்று இருந்தன. ஒரு இலைகூட ஒட்டியிருக்கவில்லை. மேடையிலிருந்து ஈரக் கோடு ஒன்று, எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல், கொட்டகைக்குப் பின்னால் போனது.

நேற்று மூடிய மண் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குவியல். ஓர் இரவில் ஆறு கொண்டுவரக்கூடிய குப்பை அல்ல அது. கொட்டகைக் கூரையைத் தொட்டது. அணைக்கு அந்தப் பக்கம், வருஷக்கணக்காகக் கண்ணுக்கு மறைந்து கிடந்ததெல்லாம், கறுத்து, நொதித்து, ஒழுகிக்கொண்டு, அவளுக்காகக் காத்திருந்தது.

நாற்றம் முகத்தில் அறைந்தது. திரும்பி நின்று ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே" என்றாள் மெதுவாக. "நீங்க வாருங்க. நான் புதைக்கிறேன்."

கையுறை எடுக்க வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

ஆணியில் இரண்டு கையுறைகள் தொங்கின.

வலது கையுறை காய்ந்திருந்தது. இடது கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அதற்குள் கையை நுழைத்தாள்.

விரல்கள் போகும் இடத்தில் இன்னும் சூடு இருந்தது.